கதை பழசு, ஜோடி புதுசு

கேள்வி: ‘தி ஹிட்மேன்ஸ் பாடிகார்ட்’ பார்த்து வயிறு வலிக்கச் சிரித்தேன். 2017-இல் வந்தபோது விமர்சகர்கள் ஏன் அவ்வளவாகப் பாராட்டவில்லை?

பதில்: கூலிக் கொலையாளியைப் பத்திரமாக நெதர்லாந்தின் ஹேக் நகரிலுள்ள சர்வதேச நீதிமன்றத்துக்குக் கூட்டிப்போய்ச் சாட்சி சொல்ல வைக்கவேண்டிய மெய்க்காவலர், வழியெல்லாம் சண்டை, அப்புறம் நட்பு என்ற கதை பலமுறை பார்த்ததுதானே, அதைத்தான் குறையாகச் சொன்னார்கள், அது நியாயமும்கூட. ஆனால் குறை சொன்னவர்களே ரயன் ரெனால்ட்ஸ், சாமுவேல் ஜாக்சன் ஜோடியை ரசித்தார்கள். முதலில் சீரியஸ் படமாக எழுதப்பட்ட திரைக்கதை அது, படப்பிடிப்புக்குக் கொஞ்சம் முன்னால்தான் நகைச்சுவையாக மாற்றினார்கள். ரத்தக்களரியும் கேலியும் சில இடங்களில் ஒட்டாமல் நிற்பதற்கு அதுவே காரணம் என்று நினைக்கிறேன். சரி, அமெரிக்க வசூலில் தொடர்ந்து மூன்று வாரம் முதலிடம், 2021-இல் இரண்டாம் பாகமும் வந்தது. நீங்கள் சிரித்ததில் தப்பே இல்லை!