எந்த ஊர் ஹொக்கி அணியைத் தாங்கும்? ஒருநாள் கேள்வி பதில்

இன்று மாலை வரை, வட அமெரிக்க ஐஸ் ஹொக்கி லீக்கான என்.எச்.எல். வியாபாரம் பற்றிக் கேளுங்கள். அரங்கு ஒன்றில் சீசன் ரிக்கெற் விற்ற ஆள் நான். எனக்கு ருசியான கேள்விக்கு நீளமாகப் பதில் வரும், மற்றதற்கு ஒரு வரி. எந்த வீரர் எங்கே போகிறார், இந்தமுறை லீக்கின் ஸ்ரான்லி கிண்ணம் யாருக்கு என்றெல்லாம் கேட்க வேண்டாம்.

மார்க்கம் வாசகர்: அண்ணை, ரொறன்ரோவில் இவ்வளவு சனம், ரிக்கெற்றோ கைக்கு எட்டாத விலை. இரண்டாவது அணி ஏன் வரக்கூடாது? எங்கள் ஊரில் அரங்கு கட்டப்போவதாகக்கூடச் சொன்னார்களே?

சொன்னார்கள். 20,000 இருக்கை, 325 மில்லியன் டொலர். 2013 முடிவில் நகரசபை அந்த நிதித் திட்டத்தைக் கைவிட்டது. நல்ல முடிவு. அணி தருகிறோம் என்று லீக் ஒரு வார்த்தைகூடக் கொடுக்கவில்லையே. கன்சாஸ் சிற்றி அப்படித்தான் 2007இல் ஒரு அரங்கைத் திறந்துவிட்டு இன்னும் வழி பார்த்துக்கொண்டிருக்கிறது. அந்த அரங்கால் லாபம் கண்டது பிற்ஸ்பர்க் அணி. அதன் உரிமையாளர்கள் கன்சாஸ் சிற்றிக்கு ஒருமுறை போய்வந்தார்கள். சில வாரங்களில் சொந்த ஊரிலேயே புதிய அரங்குக்கு உடன்பாடு கிடைத்துவிட்டது. அணி வருமுன் அரங்கு கட்டும் ஊர், மற்ற ஊர்க்காரரை வெருட்டத்தான் உதவும். இதை இன்று இன்னும் சில தடவை சொல்லுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது அணி ரொறன்ரோவில் பிழைக்குமா என்றால், தாராளமாகப் பிழைக்கும். 1967க்குப் பிறகு கிண்ணமே காணாத அணிக்கு இந்த விலை கொடுக்கிற ஊர். ஆனால் ஒவ்வொரு அணிக்கும் தன் நகர எல்லையைச் சுற்றி 50 மைல் சொந்தப் பிரதேசம் உண்டு. 1993இல் டிஸ்னி நிறுவனம் அனஹைமில் அணி தொடங்கக் கொடுத்த 50 மில்லியனில் பாதி, பக்கத்து லொஸ் ஏஞ்சலிஸ் கிங்ஸுக்குப் போனது. ரொறன்ரோவின் மேப்பிள் லீவ்ஸ் இன்று என்ன கேட்கும் என்று நீங்களே யோசியுங்கள்.

கோயம்புத்தூர் வாசகர்: தமிழ்நாடு டிராகன்ஸ் அணி லாபத்தில் ஓடுகிறதா சார்?

அது வேறு விளையாட்டு, வேறு லீக். இன்று ஐஸ் மட்டும்.

சிங்கப்பூர் வாசகர்: அமெரிக்கக் கால்பந்தில் கிரீன் பே போன்ற சின்ன ஊர்கூட ஜாம் ஜாம் என்று அணி வைத்திருக்கிறது. ஹொக்கியில் மட்டும் ஏன் இந்த ஊர் தாங்குமா, அந்த ஊர் தாங்குமா என்று ஓயாத பஞ்சாயத்து?

இன்றைய நல்ல கேள்வி இதுதான். அமெரிக்கக் கால்பந்து லீக்கான என்.எஃப்.எல்.லுக்கு 2023இல் தொடங்கிய தொலைக்காட்சி ஒப்பந்தங்கள் 11 வருடத்துக்குச் சுமார் 110 பில்லியன் டொலர். 32 அணிக்கும் சமமாகப் பிரித்தால் வருடத்துக்கு அணி ஒன்றுக்கு 300 மில்லியனுக்கு மேல். ஒரு ரிக்கெற்றும் விற்காமலே வீரர்களுக்குச் சம்பளம் கொடுத்துவிடலாம். என்.எச்.எல்.லின் அமெரிக்க ஒப்பந்தங்கள் 2021இல் தொடங்கின, வருடத்துக்குச் சுமார் 625 மில்லியன். 32ஆல் பிரித்தால் ஓர் அணிக்கு 20 மில்லியனும் தேறாது. கனடாவில் ஒளிபரப்புக்கு ரோஜர்ஸ் நிறுவனம் 12 வருடத்துக்கு 5.2 பில்லியன் கனேடிய டொலர் கொடுத்தது; 2026இல் தொடங்கும் அடுத்த 12 வருடத்துக்கு 11 பில்லியன். அதையும் கூட்டுங்கள். இப்போது செலவைப் பாருங்கள்: 2025-26 சீசனில் ஓர் அணியின் சம்பள உச்சவரம்பு 95.5 மில்லியன் அமெரிக்க டொலர்.

இடைவெளியை நிரப்புவது உள்ளூர்ப் பணம். சொந்த ஊரில் 41 இரவுகள். அந்த இரவுகளில் விற்கும் ரிக்கெற், பியர், வாகனத் தரிப்பிடம், கம்பனிகள் வாங்கும் தனியறைகள், உள்ளூர் விளம்பரம். ஆகவே ஊரில் எத்தனை பேர் என்று எண்ணுவதால் பலன் இல்லை. செவ்வாய்க்கிழமை இரவு, தோற்றுக்கொண்டிருக்கும் அணியைப் பார்க்கக் காசு கொடுத்து வருபவர் எத்தனை பேர், வாடிக்கையாளரை உபசரிக்க அறை எடுக்கும் கம்பனிகள் எத்தனை என்று எண்ணுங்கள். அதோடு, வருகிற காசு யார் பெட்டியில் விழுகிறது? அரங்கு வேறொருவருடையது என்றால் தரிப்பிடமும் பியரும் இசைக் கச்சேரியும் அவருக்கு.

இன்னொன்று. வீரர்களின் சம்பளம் வழக்கமான சீசனோடு முடிந்துவிடும். அதன்பின் கிண்ணத்துக்காக நடக்கும் பிளேஓஃப் சுற்றுகளில் லீக் கொடுக்கும் ஊக்கத்தொகை மட்டும்தான். உள்ளூரில் நடக்கும் ஒவ்வொரு பிளேஓஃப் ஆட்டமும் உரிமையாளருக்கு அறுவடை. வருடாவருடம் ஏப்ரலிலேயே வீட்டுக்குப் போகும் அணி எந்த ஊரிலும் நோஞ்சான்தான்.

கியூபெக் வாசகர்: எங்களிடம் அரங்கு தயாராக இருக்கிறது. எப்போது தருவார்கள்?

2015இல் திறந்த, 18,000 பேர் இருக்கக்கூடிய, சுமார் 370 மில்லியன் வரிப்பண அரங்கு. மேலே கன்சாஸ் சிற்றி பற்றிச் சொன்னதை ஒருமுறை வாசியுங்கள். கியூபெக்கோர் நிறுவனம் விண்ணப்பித்தது. 2016இல் வேகஸுக்கு அணி கொடுத்து உங்களைத் தள்ளிவைத்தார்கள். நுழைவுக் கட்டணம் 500 மில்லியன் அமெரிக்க டொலர், வருமானமோ கனேடிய டொலரில். வீரர்களுக்கும் அமெரிக்க டொலர்தான். 2002 ஜனவரியில் கனேடிய டொலர் 62 சதத்துக்கு இறங்கியது. அப்படி இன்னொரு முறை நடந்தால் சின்ன ஊருக்குத்தான் முதல் அடி. 1995இல் உங்கள் பழைய அணி நோர்டிக்ஸ் டென்வருக்குப் போனதற்கும் பழைய அரங்கு, மெலிந்த நாணயம் இரண்டும் காரணம். அடுத்த வருடமே அங்கே கிண்ணம் வென்றார்கள், அது தனி வயிற்றெரிச்சல்.

ஹமில்டன் வாசகர்: நாங்கள்?

ரொறன்ரோவின் 50 மைலுக்குள், பஃபலோவின் ரசிகர் பரப்புக்குள். இரண்டு பக்கமும் கதவடைப்பு. பிளாக்பெரி கைபேசிக் கம்பனியை நடத்திய ஜிம் பால்சிலி பிற்ஸ்பர்க், நாஷ்வில், பீனிக்ஸ் என்று மூன்று அணிகளை வாங்கக் கைநீட்டினார், ஒன்றும் கிடைக்கவில்லை. லீக் கதவைத் தட்டுகிறவரை உள்ளே விடும், உடைக்கிறவரை விடாது.

பெயர் சொல்லாதவர்: பாலைவனத்தில் ஐஸ் உருகாதா?

குளிரூட்டி இருக்கிறது.

சாண்ட்லர், அரிசோனா வாசகர்: அந்தக் கேள்விதான் எரிச்சல். பீனிக்ஸ் அணி 2024இல் உட்டாவுக்குப் போனது உண்மை, ஆனால் எங்கள் ஊர் தோற்கவில்லை, அணியை நடத்தியவர்கள் தோற்றார்கள். ஒத்துக்கொள்வீர்களா?

பெரும்பாலும். 1996இல் வினிபெக்கில் இருந்து வந்த அணியைக் கூடைப்பந்து அரங்கில் விட்டார்கள். ஒரு முனையில் ஆயிரக்கணக்கான இருக்கைகளில் இருந்து ஐஸ் முழுதாகத் தெரியாது. 2003இல் மேற்கே கிளெண்டேலுக்குப் போனார்கள், ரிக்கெற் வாங்கும் சனமோ கிழக்கே ஸ்கொட்ஸ்டேல் பக்கம். வேலை முடிந்து, நெரிசலில் ஊரைக் குறுக்கே கடந்து யார் போவார்? 2009இல் வங்குரோத்து. லீக்கே 140 மில்லியனுக்கு அணியை வாங்கி நடத்தியது. 2013இல் கிளெண்டேல் நகரசபை வருடத்துக்கு 15 மில்லியன் தர ஒப்புக்கொண்டு, 2015இல் ஒப்பந்தத்தை உடைத்தது. கடைசியில் சுமார் 5,000 பேர் கொள்ளும் பல்கலைக்கழக அரங்கில் ஒண்டுக்குடித்தனம். 2023 மேயில் பக்கத்து ஊரான டெம்பி மக்கள் புதிய அரங்கை வாக்களித்து நிராகரித்தார்கள். ஸ்கொட்ஸ்டேலில் வளர்ந்த ஓஸ்ரன் மத்தியூஸ் 2016இல் லீக்கின் புதுமுக வீரர் தேர்வில் முதலாவதாகத் தெரிவானார். விதை முளைத்தது, தோட்டக்காரன்தான் சரியில்லை.

வினிபெக் வாசகர்: இது என்ன நியாயம்? அரிசோனாவுக்கு 28 வருடம் தவணை. எங்களிடம் 1996இல் பறித்தபோது ஒருவரும் இப்படிப் பரிந்து பேசவில்லை.

கோபம் நியாயம். ஆனால் உங்கள் கணக்கையும் பார்ப்போம். 2011இல் அட்லாண்டா அணி உங்களுக்கு வந்தபோது, பொதுவிற்பனைக்கு விட்ட சீசன் ரிக்கெற்றுகள் 17 நிமிடத்தில் தீர்ந்தன. 2024 தொடக்கத்தில் 13,000 ரிக்கெற் சுமார் 9,500 ஆகக் குறைந்திருந்தது. பழைய எண்ணிக்கைக்குத் திரும்பியாக வேண்டும் என்று உரிமையாளர் மார்க் சிப்மன் வெளிப்படையாகச் சொன்னார். லீக்கிலேயே சின்ன அரங்குகளில் ஒன்று, பெரிய கம்பனிகளும் குறைவு. ஹொக்கிப் பற்று வாடகை கட்டாது.

சாண்ட்லர் வாசகர்: பார்த்தீர்களா!

வினிபெக் வாசகர்: ரசிகர் குறைந்தாலும் அணி இன்னும் இருக்கிறது. உங்களுடையது எங்கே?

டலஸ் வாசகர்: இங்கேயும் வெயில்தான். 1993இல் மினசோட்டாவில் இருந்து வந்த எங்கள் ஸ்ரார்ஸ் அணி 1999இல் கிண்ணமே வென்றது. வெப்பநிலை ஒரு காரணமே இல்லை.

டலஸ்காரர் சொன்னதோடு உட்டாவையும் சேருங்கள். 2024 ஏப்ரலில் அரிசோனாவின் வீரர்களை ரயன் ஸ்மித் 1.2 பில்லியனுக்கு எடுத்தார்: பழைய உரிமையாளருக்கு ஒரு பில்லியன், லீக்குக்கு 200 மில்லியன். சோல்ற் லேக் சிற்றியில் ஆடிய அரங்கும் கூடைப்பந்துக்குக் கட்டியதே. முதல் சீசனில் அங்கேயும் கோல் தெரியாத இருக்கைகள் இருந்தன. அப்படியும் கூட்டம் வந்தது. கூடைப்பந்து அணியும் அரங்கும் அதே ஸ்மித் கையில். ரிக்கெற், தரிப்பிடம், புதுப்பிப்பு எல்லாம் ஒரே மேசையில் முடிவாகிறது. பீனிக்ஸில் அந்த மேசையே இருக்கவில்லை. இதே காரணத்தால் வினிபெக்கும் தாக்குப்பிடிக்கிறது: அரங்கும் அணியும் ஒரே குழுமத்திடம், பின்னால் டேவிட் தொம்சன் என்ற பெரும் பணக்காரர். இரண்டு பேரும் ஒரே உண்மையின் இரு முனையைப் பிடித்து இழுக்கிறீர்கள். இதோடு இந்தச் சண்டை போதும்.

சாண்ட்லர் வாசகர்: கடைசியாக ஒன்று...

வேண்டாம் தம்பி.

ஜோர்ஜியா வாசகர்: இரண்டு முறை அணியை இழந்த அட்லாண்டாவுக்கு மூன்றாவது தருவார்களா?

தரலாம். முதல் அணி 1980இல் கல்கரிக்குப் போனது, இரண்டாவது 2011இல் வினிபெக்குக்கு. இரண்டாவது முறை உரிமையாளர்கள் பல வருடம் ஒருவர்மேல் ஒருவர் வழக்குப் போட்டுக்கொண்டிருந்தார்கள். 11 சீசனில் ஒரே ஒருமுறை பிளேஓஃப், அதிலும் ஓர் ஆட்டமும் வெல்லவில்லை. அப்படி நடத்தினால் மொன்றியலில்கூடக் கூட்டம் கலையும். இப்போதைய திட்டங்கள் வடக்குப் புறநகரில், ரிக்கெற் வாங்கும் ஆட்கள் குடியிருக்கும் இடத்தில். அங்கே வரிப்பணம் எவ்வளவு போகிறது என்று மட்டும் கவனியுங்கள்.

ஹூஸ்டன் வாசகர்: நாங்கள் அமெரிக்காவின் நாலாவது பெரிய நகரம்!

அரங்கின் பிடி கூடைப்பந்து அணி உரிமையாளர் தில்மன் ஃபெர்ட்டிட்டாவிடம். அவருக்கு விலை பிடித்தால் அணி வரும். சனத்தொகையைச் சொல்லி லீக்கை அசைக்க முடியாது.

லண்டன் வாசகர்: 32 அணி போதாதா? ஏன் இன்னும் சேர்க்கிறார்கள்?

வருமானத்தில் பாதி வீரர்களுக்கு என்பது ஒப்பந்தம். புதிய அணி கட்டும் நுழைவுக் கட்டணம் அந்தப் பங்கீட்டில் சேராது. முழுவதும் பழைய உரிமையாளர்களுக்கு. 2000இல் சேர்ந்த கொலம்பஸ் கொடுத்தது 80 மில்லியன், வேகஸ் 500, சியாட்டில் 650. எனக்கு அப்படி ஒரு பங்கு இருந்தால் நானும் கை தூக்குவேன்.

இன்னொரு கியூபெக் வாசகர்: அரங்கு தயாராக இருக்கிறது, ஏன் தரவில்லை?

மேலே இருக்கிறது.

மூன்றாவது கியூபெக் வாசகர்: லொஸ் ஏஞ்சலிஸ் கிங்ஸ் வந்து ஆடினார்களே, அது நல்ல சகுனம் இல்லையா?

2024 அக்டோபரில் இரண்டு பயிற்சி ஆட்டம். அதற்கு மாகாண அரசு மில்லியன் கணக்கில் காசு கொடுத்தது. விருந்தாளியைக் காசு கொடுத்து அழைத்ததைச் சகுனத்தில் சேர்க்காதீர்கள்.

ஒட்டாவா வாசகர்: எங்கள் செனட்டர்ஸ் அணி நிலைக்குமா? லெப்ரெட்டனில் திட்டமிடும் புதிய அரங்கு வருமா?

நிலைக்கும் என்றுதான் நினைக்கிறேன். 2023இல் மைக்கல் அன்ட்லவர் 950 மில்லியன் அமெரிக்க டொலருக்கு வாங்கினார். அவ்வளவு கொடுத்தவர் சும்மா விடமாட்டார். உங்கள் பிரச்சினை கனாட்டா. ஊரின் மேற்கு விளிம்பில் அரங்கு, வார நாளில் கிழக்கில் இருந்தோ கற்றினோவில் இருந்தோ போவது பெரும்பாடு. லெப்ரெட்டன் நிலத்துக்கு 2024 செப்டம்பரில் கொள்கையளவில் உடன்பாடு வந்தது, ரயிலும் பக்கத்தில். கட்டுமானச் செலவில் நகரசபையின் பங்கு எவ்வளவு, தரிப்பிட வருமானம் யாருக்கு, கச்சேரி வருமானம் யாருக்கு: இந்த மூன்றையும் உங்கள் கவுன்சிலரிடம் இப்போதே எழுத்தில் கேளுங்கள். கட்டி முடிந்த பிறகு ஒருவரும் பதில் சொல்லமாட்டார்கள்.