ஆர்.சி.யில் இருக்கை 2 என்றால் இன்சூரன்ஸும் இரண்டு பேருக்கா?

கேள்வி (மண்டபம் வாசகி): தம்பி பைக்கில் பின்னால் உட்கார்ந்து, கருவாட்டுக் கூடையை மடியில் வைத்துக்கொண்டு உச்சிப்புளிக்குப் போகும்போது எதிரே வந்த மீன் லாரி உரசி விழுந்தேன். காலில் எலும்பு முறிந்து கம்பி வைத்திருக்கிறார்கள். ரெண்டு வண்டி மேலும் தப்பு என்கிறார்கள். தம்பி வண்டி இன்சூரன்ஸில் பின்னால் இருந்தவருக்குக் கிடையாதாம். ஆர்.சி.யில் இருக்கை 2 என்றுதானே இருக்கிறது?

பதில்: அக்கா, அந்த 2 ஓட்டுபவரையும் சேர்த்துத்தான். பைக் ஓட்டுபவர் தன்னோடு இன்னும் ஒருத்தரைத்தான் ஏற்றலாம் என்று மோட்டார் வாகனச் சட்டம் 128-வது பிரிவு சொல்கிற அதே கணக்கு. ஆனால் அது ஏற்றிக்கொள்ள அனுமதி மட்டுமே, விழுந்தால் யார் பணம் தருவது என்பதைப் பாலிசித் தாள்தான் சொல்லும்.

தம்பியின் பாலிசியை எடுத்துப் பாருங்கள். வெறும் தேர்ட் பார்ட்டி, அதாவது வண்டியால் அடிபட்ட வெளியாளுக்கு மட்டும் பணம் தருகிற பாலிசி, என்றால் இன்சூரன்ஸ் கம்பெனி சொல்வது சரி, ஏனென்றால் சும்மா பின்னால் உட்கார்ந்து வந்தவர் அதில் வரமாட்டார் என்று உச்ச நீதிமன்றம் 2006-இல் திலக் சிங் வழக்கிலேயே சொல்லிவிட்டது. ரோட்டில் நடந்து போகிறவருக்கு உண்டு, கூட வந்த அக்காவுக்கு இல்லை என்பது எனக்கு இன்றுவரை மனசு ஒப்பாத விஷயம். பேக்கேஜ் பாலிசி, அதாவது நாம் ஃபுல் இன்சூரன்ஸ் என்பது, இருந்தால் உங்களுக்கும் உண்டு. 2012-இல் பாலகிருஷ்ணன் வழக்கில் அது தீர்ந்துபோன விஷயம்.

சரி, பேக்கேஜ் இல்லையா, அப்போதும் விடாதீர்கள். மீன் லாரிக்கு நீங்கள் தேர்ட் பார்ட்டிதான்! ரெண்டு ஓட்டுநர் மேலும் தப்பு இருந்தால், உங்கள் மேல் தப்பில்லாததால் முழுத் தொகையையும் அவர்களில் ஒருவரிடமே கேட்கலாம் என்று 2015-இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அதனால் லாரி ஓட்டுநர், உரிமையாளர், அவருடைய இன்சூரன்ஸ் கம்பெனி, தம்பி, தம்பியின் இன்சூரன்ஸ் கம்பெனி எல்லாரையும் சேர்த்தே அதே சட்டத்தின் 166-வது பிரிவில் இழப்பீட்டு மனுப் போடுங்கள். தம்பியைச் சேர்ப்பது சங்கடமாகத்தான் இருக்கும், இருந்தாலும் சேர்த்துவிடுங்கள்.

விபத்து நடந்து ஆறு மாதத்துக்குள் ராமநாதபுரத்திலேயே விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் தாக்கல் செய்துவிடுங்கள். எஃப்.ஐ.ஆர். நகல், டிஸ்சார்ஜ் சம்மரி, எக்ஸ்ரே, மருந்து பில் எதையும் தொலைக்காதீர்கள். கருவாட்டு வியாபாரத்துக்குச் சம்பளச் சீட்டு இல்லையே என்று தயங்க வேண்டாம், சரக்கு வாங்கிய சீட்டும் உங்கள் வாய்மொழிச் சாட்சியும் உதவும். அப்புறம், லாரிக்காரர் தரப்பில் யாராவது வந்து பேசி முடிக்கலாம் என்று வெற்றுத்தாளை நீட்டினால் கையெழுத்துப் போடாதீர்கள் அக்கா.