பைபிள் வாசிக்க வாசிக்க அடுத்தவர்களின் குறைதான் கண்ணில் படுகிறது, என்னை மாற்றிக்கொள்ள அதை எப்படி வாசிப்பது?

நீங்கள் சொல்கிற ஆபத்து பைபிளை எழுதியவர்களுக்கும் தெரிந்திருந்தது என்று நினைக்கிறேன். ஏனென்றால் அதில் பல பகுதிகள், அடுத்தவனைக் குற்றவாளி என்று தீர்க்க ஆரம்பிக்கிற வாசகனையே பிடித்துவிடும்படி எழுதப்பட்டிருக்கின்றன. 2 சாமுவேல் 12-ல் நாத்தான் என்ற தீர்க்கதரிசி தாவீது ராஜாவிடம் ஒரு கதை சொல்கிறார்: ஆடுமாடு நிறைய வைத்திருக்கிற பணக்காரன், விருந்தாளிக்குச் சமைக்க ஏழையின் ஒரே ஆட்டுக்குட்டியைப் பிடுங்கிக்கொள்கிறான். தாவீதுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வருகிறது, அவன் சாக வேண்டியவன், நாலத்தனை திருப்பித் தர வேண்டும் என்று உடனே தீர்ப்பே சொல்லிவிடுகிறார். தன் போர்வீரன் உரியாவின் மனைவியை எடுத்துக்கொண்டு உரியாவையும் சாகக் கொடுத்தவர் பேசுகிற பேச்சு இது! அப்போதுதான் நாத்தான் "நீயே அந்த மனுஷன்" என்கிறார். தாவீதுக்கு நியாயம் தெரியாமல் இல்லை, அது அடுத்தவன் மேல் மட்டும் நன்றாக வேலை செய்தது, அவ்வளவுதான்.

ரோமில் இருந்த விசுவாசிகளுக்குப் பவுல் எழுதிய கடிதமான ரோமர் நிருபமும் இப்படித்தான். முதல் அதிகாரத்தின் கடைசியில் ஒரு பெரிய பாவப்பட்டியல் வருகிறது, பலரும் அதிலிருந்து தங்களுக்குப் பிடிக்காத ஒன்றை மட்டும் உருவி எடுத்து யார் முகத்திலாவது எறிகிறார்கள். அதே பட்டியலில் பொறாமை இருக்கிறது, வாக்குவாதம் இருக்கிறது, புறங்கூறுதலும் அகந்தையும் இருக்கின்றன, அவற்றை யாரும் எடுப்பதில்லை. பட்டியல் முடிந்த கையோடு இரண்டாம் அதிகாரம், மற்றவர்களைக் குற்றவாளியாகத் தீர்க்கிறவனே, நீ யாரானாலும் சரி, போக்குச் சொல்ல உனக்கு இடமில்லை என்று தொடங்குகிறது. பவுல் எழுதியபோது நடுவில் அதிகார எண் கிடையாது. நாம் இன்று பயன்படுத்தும் அதிகாரப் பிரிப்பு 13ஆம் நூற்றாண்டில் வந்தது, புதிய ஏற்பாட்டின் வசன எண்கள் 1551-ல்தான் வந்தன. தேடிப்பிடிக்க அவை வசதி, மறுக்கவில்லை, ஆனால் ஒரு வரியைத் தனியாக வெட்டி எடுத்து அடிக்கிற வசதியையும் அவைதான் கொடுத்தன. அதனால் என் முதல் யோசனை: எந்த வசனத்தைப் படித்ததும் "இது அவனுக்குச் சரியாகப் பொருந்துது" என்று தோன்றுகிறதோ, அங்கே புத்தகத்தை மூடாமல் இன்னும் அரைப்பக்கம் படியுங்கள்.

எனக்கு மிகவும் பிடித்தது லூக்கா 15. அப்பாவிடம் சொத்தில் தன் பங்கை வாங்கிக்கொண்டு தூர தேசம் போய், எல்லாவற்றையும் அழித்துவிட்டு வீடு திரும்புகிற இளைய மகனைப் பற்றி இயேசு சொன்ன கதை அது. இளைய மகன் சொத்தை எப்படி அழித்தான்? கதை சொல்கிறவர் துன்மார்க்கமாய் வாழ்ந்து அழித்தான் என்பதோடு விட்டுவிடுகிறார். அவன் திரும்பி வந்த பிறகு, வீட்டுக்குள் வர மறுக்கிற மூத்தவன்தான் வேசிகளிடத்தில் அழித்துப்போட்டான் என்கிறான். இவன் கூடப் போய்ப் பார்த்தானா என்ன? தூர தேசத்தில் நடந்ததற்கு இவனே விவரம் சேர்த்துக்கொள்கிறான். அடுத்தவனைத் தீர்க்கும்போது மனசு செய்கிற முதல் வேலை இதுதான், தெரியாத இடங்களை மோசமான ஊகத்தால் நிரப்பிக்கொள்வது. நாம் பெரும்பாலும் இளைய மகனாக நம்மை நினைத்துக்கொண்டு உருகிவிட்டு மூத்தவனைத் தாண்டிப் போய்விடுகிறோம். ஆனால் இந்தக் கதையே, இயேசு பாவிகளோடு சாப்பிடுகிறார் என்று முறுமுறுத்தவர்களுக்குச் சொல்லப்பட்டது. மூத்தவன் கடைசியில் உள்ளே போனானா இல்லையா என்று லூக்கா சொல்லவே இல்லை.

சரி, அப்படியென்றால் தப்பைத் தப்பு என்று சொல்லவே கூடாதா? அப்படியும் இல்லை. மத்தேயு 7-ல் உன் கண்ணிலிருக்கிற உத்திரத்தை முதலில் எடு, பிறகு சகோதரன் கண்ணிலுள்ள துரும்பை எடுக்க உனக்குத் தெளிவாகத் தெரியும் என்றுதான் இருக்கிறது. துரும்பை அப்படியே விட்டுவிடு என்று இல்லை. மத்தேயு 18 அந்தப் பேச்சையும் முதலில் தனிமையில் வைத்துக்கொள்ளச் சொல்கிறது. ஒருவர் இன்னொருவரைக் கொடுமைப்படுத்துகிறபோது "தீர்க்காதே" என்று வசனம் காட்டி வாயை அடைப்பதும் பைபிளைத் தவறாகப் பயன்படுத்துவதுதான், அதுவும் நிறைய நடக்கிறது.

நடைமுறையில் ஒன்று சொல்கிறேன். வாசிக்கும்போது யாருடைய முகமாவது ஞாபகம் வந்தால் அதை விரட்டப் பாடுபட வேண்டாம், விரட்டினாலும் போகாது. அந்த நபரிடம் எது உங்களை எரிச்சல்படுத்துகிறது என்று ஒரு வரி எழுதுங்கள், பிறகு அதே விஷயம் உங்களிடம் எந்த உருவத்தில் இருக்கிறது என்று இன்னொரு வரி. இரண்டாவது வரி எழுத நேரம் பிடிக்கும், சில நாள் வரவே வராது, பரவாயில்லை. அப்புறம், நீதிமொழிகளில் ஆரம்பிக்க வேண்டாம். நல்ல புத்தகம்தான், ஆனால் மூடன், சோம்பேறி, சண்டைக்காரி என்று ஒவ்வொரு பக்கத்திலும் ஆள் வருவதால் தெரிந்தவர்களின் பெயரை ஒட்டிக்கொண்டே போகத் தோன்றும். லூக்கா 15-லிருந்து 18 வரை ஒரே மூச்சில் படியுங்கள், வசன எண்ணைப் பார்க்காமல்.