பேஸ் கிட்டாருக்கு எந்த பிக்? எவ்வளவு தடிமன்? – வாசகர் கேள்வி பதில்

இந்த தடவ வந்த கேள்விகள்ல முக்காவாசி பேஸ் கிட்டார் பிக் (கம்பிய அடிக்க விரல்ல பிடிச்சுக்கற சின்ன துண்டு) பத்தியேதான் இருந்துச்சு, அதனால மத்த கேள்விகள அடுத்த இதழுக்கு எடுத்து வச்சிட்டு இத மட்டும் கொஞ்சம் விரிவா பாத்துடலாம்.

கேள்வி: அண்ணா, நான் சர்ச்ல கிட்டார் வாசிச்சிட்டு இருந்தேன். பேஸ் வாசிச்ச அண்ணன் வேலைக்காக பெங்களூர் போயிட்டதால இப்ப பேஸ என் கையில குடுத்துட்டாங்க. கிட்டாருக்கு வச்சிருந்த அதே மெல்லிசு பிக்லதான் வாசிக்கிறேன். ஈ கம்பியில அடிச்சா பிக் மடங்குது, டிக் டிக்னு சத்தம் வருது, ஆனா அடியில கனமே இல்ல. எத்தன எம்எம் வாங்கணும்?
– வாசகர், தூத்துக்குடி

பதில்: தம்பி, மொதல்ல 1 எம்எம் பிக் ஒண்ணு வாங்குங்க, அங்கேருந்து மேல போறதா கீழ வர்றதானு அப்புறம் பாத்துக்கலாம்.

ஏன்னு சொல்றேன். கிட்டார்ல வழக்கமா போடுற 10-46 செட்ல இருக்கறதுலயே தடிச்ச ஈ கம்பி 0.046 இன்ச், அதாவது 1.2 எம்எம் கிட்ட. பேஸ்ல பரவலா போடுற 45-105 செட்ல ஈ கம்பி 0.105 இன்ச், அது 2.7 எம்எம் வருது. நீளமும் அதிகம், ஃபெண்டர் மாதிரி கிட்டார்ல 25.5 இன்ச்னா பேஸ்ல பெரும்பாலும் 34 இன்ச். இழுவை பாத்தா பேஸ்ல ஒவ்வொரு கம்பியும் சுமார் 18 கிலோ இழுவையில நிக்குது, கிட்டார் கம்பியோட ரெண்டு மடங்குக்கு மேல. இப்ப 0.50, 0.60 பிக்க அது மேல வச்சு தள்ளினா என்ன ஆகும், கம்பி நகர்றதுக்கு முன்னாடி பிக்கு வளைஞ்சிடும், வளைஞ்சு வழுக்கி அந்தப் பக்கம் போயி பட்டுனு நிமிரும். நீங்க கேக்குற டிக் அந்த பிளாஸ்டிக்கோட சத்தம். கம்பி பக்கவாட்டுல கொஞ்சூண்டுதான் நகந்திருக்கும், அதனால அடி ஒலி சின்னதா போயிடும். திறந்த ஈ கம்பியோட அடிப்படை அதிர்வு 41 ஹெர்ட்ஸ், அவ்வளவு கீழ இருக்கற ஒலி நல்லா எழும்பணும்னா கம்பிய முழுசா ஒரு பக்கம் தள்ளி விட்டாகணும்.

இதுல சத்தத்த விட முக்கியமா நான் நினைக்கறது நேரம். பேஸ் கிக் ட்ரம்மோட (கால்ல மிதிச்சு அடிக்கற பெரிய ட்ரம்) ஒட்டி விழணும், ஒரு குழு கேக்க இறுக்கமா இருக்கறதே அதுலதான். மெல்லிசு பிக் வளைஞ்சு வழுக்கற அந்த இம்மியளவு நேரம் எல்லா அடியிலயும் ஒரே மாதிரி இருக்காது, மெதுவா அடிச்சா ஒரு அளவு வளையும், ஓங்கி அடிச்சா வேற அளவு, கீழ்நோக்கி அடிக்கற டவுன் ஸ்ட்ரோக்ல ஒண்ணு, மேல்நோக்கி அடிக்கற அப் ஸ்ட்ரோக்ல ஒண்ணு. நீங்க தாளத்துல சரியா இருந்தாலும் நோட்டு கொஞ்சம் முன்ன பின்ன விழற மாதிரி கேக்கும். வளையாத பிக்ல நீங்க எப்ப அடிக்கறீங்களோ அப்பவே நோட்டு. இதுக்காகத்தான் தடிமன் வேணும்னு சொல்றேனே தவிர சத்தத்துக்காக இல்ல, சத்தத்த ஆம்ப் (ஆம்ப்ளிஃபையர்) பாத்துக்கும்.

கடையில டன்லப் கம்பெனியோட டார்டெக்ஸ் பிக் சுலபமா கிடைக்கும், அதுல கலர வச்சே தடிமன் தெரிஞ்சிக்கலாம்: மஞ்சள் 0.73, பச்சை 0.88, நீலம் 1.0, ஊதா 1.14. நீலத்தோட சேத்து பச்சையும் ஊதாவும் ஒண்ணொண்ணு வாங்கிடுங்க, ஒரு செட் பேஸ் ஸ்ட்ரிங் விலையோட பாத்தா இது ஒண்ணுமே இல்ல. வீட்டுக்கு வந்ததும் இடது கைய நாலு கம்பி மேலயும் லேசா வச்சு சத்தம் எழும்பாம பண்ணிட்டு வலது கையில ஒவ்வொரு பிக்கா அடிச்சு பாருங்க, அப்ப கேக்கறது பிக்கோட சத்தம் மட்டும்தான், எது கம்மியா சலசலக்குதுனு காதுக்கே தெரியும். அப்புறம் கைய எடுத்துட்டு மெட்ரோனோம் (சீரா தாளம் தட்டற கருவி) போட்டு ஒரே நோட்ட வாசிச்சு போன்ல பதிவு பண்ணி கேளுங்க. வாசிக்கும்போது தெரியாத தடுமாற்றம் பதிவுல தெரியும்.

இன்னொண்ணு, எம்எம் ஒண்ணா இருந்தாலும் பொருள் மாறினா விறைப்பு மாறும். 1 எம்எம் நைலான் பிக் 1 எம்எம் டார்டெக்ஸ விட நல்லாவே வளையும், அல்டெக்ஸ்னு இன்னொரு பொருள் இன்னும் விறைப்பா நிக்கும். நைலான் வாங்கினீங்கன்னா அதே உணர்வுக்கு தடிமன்ல ஒரு படி மேல போகணும்.

கேள்வி: சார், எங்க மெல்லிசைக் குழுவுல பெரியவர் ஒருத்தர் பேஸ விரல்லதான் வாசிக்கணும், பிக் வச்சா அது கிட்டார்காரன் பண்ற வேலைன்னு சொல்றாரு. உண்மையா?
– வாசகர், திண்டுக்கல்

பதில்: அவருக்கு பிடிச்ச சத்தம் விரல்ல வர்ற சத்தமா இருக்கலாம், அது அவரோட ரசனை, மதிக்கணும். ஆனா பிக் தப்புன்னு சொல்ல பேஸோட வரலாறே இடம் குடுக்காது.

கேரல் கே எடுத்துக்கங்க. லாஸ் ஏஞ்சலஸ்ல ஸ்டூடியோ கிட்டார் வாசிச்சிட்டு இருந்தவங்க, 1963ல கேபிடல் ரெக்கார்ட்ஸ் ஸ்டூடியோவுக்கு ஒரு நாள் பேஸ் வாசிக்கிறவர் வராம போக அந்த இடத்துல உக்காந்தவங்க, அப்புறம் அறுபதுகள்ல அந்த ஊர்ல பதிவான பாட்டுகள்ல எக்கச்சக்கமானதுக்கு அவங்கதான் பேஸ். பிக்லதான் வாசிச்சாங்க. பிரிட்ஜ் (பேஸோட உடம்புல கம்பிகள் வந்து முடியற இடம்) பக்கத்துல கம்பிகள் மேல ஒரு ஃபெல்ட் துணிய வச்சு ஒலி ரொம்ப நீளாம அடக்கி வச்சுப்பாங்க, அதனால ஒவ்வொரு நோட்டும் தனித்தனியா தெளிவா விழும். பீட்டில்ஸ் குழுவோட பால் மெக்கார்ட்னி பிக், ‘யெஸ்’ ராக் குழுவோட கிறிஸ் ஸ்குவயர் பிக், மோட்டர்ஹெட் குழுவோட லெம்மி பிக். விரல் வாசிப்புல பெரிய ஆளான ஆண்டனி ஜாக்சன்கூட 1973ல ஓ ஜேஸ் குழுவோட ஒரு பாட்டுக்கு பிக்க எடுத்து ஃபேசர் எஃபெக்ட்டோட (ஒலி சுழல்ற மாதிரி கேக்க வைக்கற கருவி) வாசிச்சாரு, அந்த பேஸ் லைன் பாட்டுக்கே முதுகெலும்பா ஆயி பாட்ட உருவாக்கினவங்க பட்டியல்ல அவர் பேரும் சேந்துச்சு.

நீங்க விரலையும் கத்துக்கங்க, மெதுவான மெலடிக்கு அதோட உருண்டையான ஒலி வேணும். குத்துப்பாட்டுக்கும் ராக்குக்கும் மேடையில மத்த வாத்தியங்களுக்கு நடுவுல பேஸ் தெளிவா தெரியணும்னா பிக்க எடுங்க. அந்த பெரியவர்ட்டயே விரல் வாசிப்ப கேட்டு கத்துக்கிட்டா இன்னும் நல்லது.

கேள்வி: தடிமனா இருந்தா நல்லதுன்னு கேள்விப்பட்டு 2 எம்எம் பிக் வாங்கினேன் அண்ணா. ஒலி கனமாத்தான் இருக்கு, ஆனா வேகமா போகும்போது பிக் கம்பியில மாட்டிக்குது, ஒரு பாட்டு முடியறதுக்குள்ள முன்கை வலிக்க ஆரம்பிச்சுடுது. திருப்பி மெல்லிசுக்கே போயிடவா?
– வாசகர், ஈரோடு

பதில்: மெல்லிசுக்கு போகாதீங்க, 1.14 கிட்ட வாங்க. ஆனா பிக்க மாத்தறதுக்கு முன்னாடி பிடிக்கிற விதத்த பாருங்க, ஏன்னா இந்த மாதிரி மாட்டறது பெரும்பாலும் ஆழத்தாலதான். மெல்லிசு பிக்ல பழகினவங்க பாதி பிக்க கம்பிக்குள்ள இறக்கி அடிப்பாங்க, பிக் வளைஞ்சு குடுக்கறதால அங்க தப்பிச்சுடுவாங்க, தடிச்ச பிக் வளையாது, அதனால கை நின்னுடும். நுனி மட்டும் கம்பிய தொட்டு கடந்து போற அளவுக்கு இறக்குங்க, கட்டைவிரலுக்கு வெளிய பிக் கொஞ்சமா தெரிஞ்சா போதும்.

அடுத்தது கோணம். பிக்க கம்பிக்கு நேரா தட்டையா வச்சு அடிச்சா ஒலி கூர்மையா வரும், மாட்டவும் செய்யும். லேசா சாய்ச்சு ஓரத்தால கம்பிய தாண்டினா வழுக்கிட்டு போகும். ஆனா ரொம்ப சாய்ச்சா ரவுண்ட்வவுண்ட் (மேல உருண்டை கம்பி சுத்தின) கம்பியில சுத்தியிருக்கற வரிகள் மேல உரசி சர் சர்னு ஒரு சத்தம் வரும், மேடையில தெரியாது, பதிவுல அசிங்கமா தெரியும். ஃப்ளாட்வவுண்ட் (மேல தட்டைப் பட்டை சுத்தின) கம்பியில அந்த தொல்ல கிடையாது. எந்த அளவு சாய்வுல மாட்டவும் இல்லாம உரசவும் இல்லாம போகுதுன்னு மெதுவா வாசிச்சு நீங்களே கண்டுபிடிக்கணும், ஒவ்வொருத்தர் மணிக்கட்டும் ஒவ்வொரு மாதிரி.

முன்கை வலிக்கறதுக்கு காரணம் பெரும்பாலும் இறுக்கிப் பிடிக்கறது. சின்ன பிக் வழுக்கிடுமோன்னு பயந்து விரல இறுக்கறோம், அந்த இறுக்கம் முழங்கை வரைக்கும் ஏறும். பெரிய முக்கோண பிக் இருக்கு பாருங்க, ஃபெண்டர்ல 346னு ஒரு வடிவம், அது பேஸுக்கு ரொம்ப பொருத்தம். பிடிக்க இடம் நிறைய, அதனால லேசா பிடிச்சாலும் நழுவாது, ஒரு மூலை தேஞ்சா அடுத்த மூலைய திருப்பிக்கலாம். ஓங்கி அடிக்கற பழக்கம் இருந்தா அதையும் குறைங்க, ஓங்கி அடிச்சா ஈ கம்பி அகலமா ஆடி, கழுத்துல இருக்கற ஃப்ரெட் பட்டைகள்ல மோதி கடகடக்கும், கனம் கூடாது. ஆம்ப்ல வால்யூம கூட்டிட்டு கைய லேசாக்குங்க. அப்படியும் வலி நாள் கணக்குல நீடிச்சா வாசிக்கறத நிறுத்திட்டு டாக்டர பாக்கறதுதான் சரி, வலியோட பயிற்சி பண்ணவே பண்ணாதீங்க.

கேள்வி: 5 கம்பி பேஸ் வாங்கியிருக்கேன். பி கம்பியில பிக் அடிச்சா சொத சொதன்னு வருது, என்ன நோட்டுன்னே தெரியல. இதுக்கு தனியா தடிமன் இருக்கா?
– வாசகர், மதுரை

பதில்: பி கம்பி வழக்கமா 0.130 இன்ச் கிட்ட, 3.3 எம்எம். அதிர்வு 31 ஹெர்ட்ஸ்தான், சின்ன ஸ்பீக்கர் அந்த ஒலிய முழுசா தரவே முடியாது, நோட்டு என்னன்னு காதுக்கு சொல்றது அதுக்கு மேல இருக்கற ஒலிகளும் அந்த முதல் அடியும்தான். அதனால இங்க 1.14லேருந்து 1.5 வரைக்கும் விறைப்பான பிக் வைங்க, அடிக்கற இடத்த ஃப்ரெட் பக்கத்துலேருந்து தள்ளி பிரிட்ஜ் பக்கமா கொஞ்சம் கொண்டு போங்க, அங்க கம்பி இறுக்கமா இருக்கும், ஒலியும் தெளிவா வரும். கை ஓரத்த பிரிட்ஜ் மேல லேசா வச்சு பாம் மியூட் பண்ணா இன்னும் சுத்தமாகும். கம்பி பழசா இருந்தா எந்த பிக்கும் காப்பாத்தாது, மொதல்ல அத மாத்துங்க.

கேள்வி: வீட்டுல பழைய மெலடி பாட்டுக்கு கூட வாசிக்க பிக்ல மென்மையான ஒலி வருமா? எனக்கு விரல்ல அடிபட்டதால விரல் வாசிப்பு முடியல.
– வாசகி, கும்பகோணம்

பதில்: நல்லாவே வரும்ங்க. ஃபெல்ட் பிக்னு ஒண்ணு இருக்கு, யுகுலேலிக்கும் பேஸுக்கும் வைக்கறது, அழுத்தின கம்பளி மாதிரி தடிப்பா மெத்துனு இருக்கும், விரல்ல வாசிக்கற ஒலிக்கு ரொம்ப கிட்ட வரும். உங்க ஊர்ல கிடைக்கலன்னா கையில இருக்கற தடிச்ச பிக்க திருப்பிப் பிடிச்சு கூர் நுனிக்கு பதிலா உருண்ட தோள் பக்கத்தால அடிங்க, அந்த டக் சத்தம் அப்படியே அமுங்கிடும். பிரிட்ஜ் பக்கத்துல கம்பிகளுக்கு அடியில ஒரு சின்ன ஸ்பாஞ்ச் துண்ட சொருகிட்டு, பேஸ்ல இருக்கற டோன் குமிழ பாதிக்கு கீழ இறக்கிட்டு, கழுத்து முடியற இடத்துக்கு பக்கமா அடிச்சு பாருங்க. விரல் ஆறட்டும், அவசரப்படாதீங்க, அதுவரைக்கும் இதுலயே அழகா வாசிக்கலாம்.

கேள்வி: பேஸ்ல பிக் சீக்கிரமா தேயுதே, எப்ப மாத்தணும்? தடிச்ச பிக்னால கம்பி அறுந்துடுமா?
– வாசகர், சேலம்

பதில்: கம்பி அறுந்துடுமோன்னு பயப்பட வேண்டாம், பேஸ் கம்பி பிக்ல அறுந்து போறது ரொம்ப அபூர்வம். தேயறது பிக்குதான், அதுலயும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ரவுண்ட்வவுண்ட் போட்டிருந்தா அரம் வச்ச மாதிரி அறுக்கும். ஓரத்த விரலால தடவிப் பாருங்க, சொரசொரன்னு இருந்தா உரசற சத்தம் அதுலேருந்துதான் வருது, நைஸ் உப்புத்தாள்லயோ நகம் தேய்க்கற அரத்துலயோ வழவழப்பாக்கிட்டு இன்னும் கொஞ்ச நாள் ஓட்டலாம். நுனி ஒரு பக்கமா சரிஞ்சு போயிட்டா மாத்திடுங்க. கச்சேரிக்கு போகும்போது பழகின அதே தடிமன்ல, அதே பொருள்ல ரெண்டு மூணு கூடுதலா பாக்கெட்ல இருக்கட்டும், மேடை விளக்குல கீழ விழுந்த பிக்க தேடிட்டு இருக்க முடியாது.