மெஸ்ஸில் தங்கியிருக்கும் 17 வயதுப் பையன்: வேலைக்கு வைத்துக்கொள்ளலாமா?

கேள்வி: பழைய வண்ணாரப்பேட்டையில் சிறிய மெஸ் நடத்துகிறேன். ஒடிசாவின் பலாங்கிர் மாவட்டத்துப் பையன் ஒருவன் மூன்று வாரமாக எங்களிடம் தங்கியிருக்கிறான். கட்டிட வேலைக்கு அழைத்து வந்த மேஸ்திரி, சம்பளம் தராமல் விட்டுவிட்டுப் போய்விட்டாராம். வயது 17 என்கிறான். எட்டாவது வரை படித்திருக்கிறான். ஊரில் அம்மா மட்டும்தான். இங்கேயே வேலை செய்ய ஆசைப்படுகிறான். வைத்துக்கொண்டால் போலீஸ் தொல்லை வருமா?

பதில்: வைத்துக்கொள்ளலாம். ஆனால் அதற்கு முன் செய்ய வேண்டிய ஒன்றை மூன்று வாரமாகத் தள்ளிப்போட்டிருக்கிறீர்கள். 18 வயது நிரம்பாத ஒருவர் கைவிடப்பட்ட நிலையில் நம்மிடம் வந்து சேர்ந்தால், 24 மணி நேரத்துக்குள் தகவல் சொல்ல வேண்டும் என்கிறது 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம். சொல்லாமல் இருப்பதும் குற்றம். ஆறு மாதம் வரை சிறையோ, 10,000 ரூபாய் அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம். பசித்து வந்தவனுக்குச் சோறு போட்டவரை யாரும் துரத்தப்போவதில்லை. ஆனாலும் இன்றே குழந்தைகள் உதவி எண்ணான 1098-ஐ அழையுங்கள். ஒடியா தெரிந்தவர் வேண்டும் என்று முதலிலேயே கேளுங்கள். அவனை இந்திக்காரன் என்று எழுதிக்கொண்டால் பாதிக் கதை விடுபட்டுவிடும்.

அடுத்து, பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் சிறுவர்களைப் பற்றி முடிவெடுக்கும் மாவட்ட அமைப்பான குழந்தைகள் நலக் குழு விசாரிக்கும். வயதுக்கு முதலில் பள்ளிச் சான்றிதழைப் பார்ப்பார்கள், பிறகு பிறப்புச் சான்றிதழை. இரண்டும் இல்லாவிட்டால்தான் மருத்துவப் பரிசோதனை. ஆதாரில் உள்ள தேதி மட்டும் போதாது. அவனுடைய அம்மா வழியாகப் பள்ளிச் சான்றிதழின் படத்தை வரவழைத்துவிட்டால் பல நாள் அலைச்சல் மிச்சம். விசாரணை முடியும்வரை சில காலம் காப்பகத்தில் இருக்க நேரலாம். இதை அவனிடம் மறைக்காதீர்கள். பின்னால் தெரிந்தால் ஓடிவிடுவான்.

இப்போது உங்களுக்குப் பிடிக்காத ஒன்றைச் சொல்கிறேன். சம்பளம், சாப்பாடு, படுக்கை, பாதுகாப்பு எல்லாமே ஒரே முதலாளியின் கையில் இருக்கக் கூடாது, அந்த முதலாளி எவ்வளவு நல்லவராக இருந்தாலும். வேலை பிடிக்கவில்லை என்றால் அன்றிரவு தெருவில்தான் படுக்க வேண்டும் என்ற நிலையில் உள்ள பையன், எதற்கும் தலையாட்டுவான். சவுகார்பேட்டைப் பக்கத்துப் பட்டறைகளில் மீட்கப்பட்ட சிறுவர்களில் பலர் வேலை செய்த இடத்திலேயே தூங்கியவர்கள். எனவே தங்குவதற்கு வேறு ஏற்பாட்டைக் குழுவிடமே கேளுங்கள்.

வேலை நேர விதியில்தான் மெஸ்காரர்கள் மாட்டிக்கொள்கிறார்கள். 14 முதல் 18 வயதுக்குள் இருப்பவர்களை ஆபத்தான தொழில்களில் சேர்க்கவே கூடாது, உணவகத்தில் சேர்க்கலாம். ஆனால் இரவு 7 மணியிலிருந்து காலை 8 மணி வரை வேலை வாங்கக் கூடாது. மூன்று மணி நேரத்துக்கு மேல் தொடர்ந்து வேலை கிடையாது, இடையில் ஒரு மணி நேர ஓய்வு வேண்டும், ஓய்வையும் சேர்த்து மொத்தம் ஆறு மணி நேரம்தான். ஓவர்டைம் கிடையாது, வாரம் ஒரு நாள் விடுமுறை உண்டு. அதிகாலை இட்லிக்கும் இரவுத் தோசைக்கும் அவன் உதவமாட்டான் என்று அர்த்தம். காலை 10 முதல் 1, பிறகு 2 முதல் 4 என்று மதியச் சாப்பாட்டு நேரத்துக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். இது கட்டுப்படியாகாது என்றால், அவனுக்கு 18 ஆகும்வரை காத்திருங்கள்.

சம்பளம் அவன் பெயரிலுள்ள வங்கிக் கணக்குக்குப் போகட்டும். 10 வயதுக்கு மேற்பட்டவர்கள் தாங்களே கணக்கை இயக்கலாம். ஆதார் அட்டையைப் 'பத்திரமாக' நீங்கள் வாங்கி வைத்துக்கொள்ள வேண்டாம். 16 வயது ஆனவர், அமைப்புசாராத் தொழிலாளர்களுக்கான மத்திய அரசின் இ-ஷ்ரம் தளத்தில் பதியலாம் என்பதால் அதையும் செய்துவிடுங்கள்.

எட்டாவது முடித்தவனுக்குத் தொழிற்பயிற்சி நிலையத்தில் வெல்டர் பிரிவு இருக்கிறது. வட சென்னையிலேயே அரசு நிலையம் உண்டு. விதிகளை நேரில் கேளுங்கள். பத்தாவது எழுத நினைத்தால் தேசியத் திறந்தநிலைப் பள்ளியில் எழுதலாம். மாலை நேரம் காலியாக இருந்தால்தான் பத்தாவதுக்குப் படிக்க முடியும், ஆறு மணி நேர வரம்பின் நியாயமும் அதுதான்.

தமிழைச் சமையலறையில் மட்டும் கற்றால் 'எடு', 'கழுவு', 'வா' என்று ஏவல்கள்தான் படியும். சம்பளம் எப்போது, ஏன் குறைந்தது என்று கேட்கவும் அவனுக்கு வர வேண்டும். அவனைத் தெருவின் கேரம் மன்றத்துக்கு அனுப்புங்கள். 2024-இல் கேரம் உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வென்ற காசிமா வட சென்னைக்காரர்தான். இங்கே கேரம் பலகை இல்லாத தெரு குறைவு. சிவப்புக் காய்க்காகச் சண்டை போடும்போது மொழி தானாக வரும்.

கடைசியாக, அந்த மேஸ்திரி. 18 வயதுக்குட்பட்டவரின் சம்பளத்தைப் பிடித்துவைத்தால் ஐந்து ஆண்டு வரை கடுங்காவலும் ஒரு லட்சம் ரூபாய் அபராதமும் உண்டு. அவருடைய பெயர், போன் எண், கட்டிடம் இருந்த தெரு, பேசிய கூலி, வேலை செய்த நாட்கள் ஆகியவற்றை, பையனின் நினைவு மங்குவதற்குள் ஒரு தாளில் எழுதிக் குழுவிடம் கொடுங்கள். ஒரு நகலை அவனிடமே விடுங்கள்.