நாலு பல்லு நாம்பனை இந்த முறையே சவாரிக்குக் கட்டலாமா?

கேள்வி: ஐயா, போன மாசியில் வன்னியில் இருந்து ஒரு நாம்பன், இளங்காளை, வாங்கி வந்தேன். மயிலை நிறம், நாலு பல்லு. ஒழுங்கையில் கயிற்றைக் கொஞ்சம் இளக்கினால் போதும், என்னையும் இழுத்துக்கொண்டு பறக்கிறான். மழை விட்டு, தை கழிந்தால் வண்டில் சவாரி, மாட்டு வண்டிப் பந்தயம், தொடங்கிவிடும். இந்த முறையே கடைசிப் பிரிவில் என்றாலும் கட்டிப் பார்க்கலாமா? நினைத்தால் இரவில் நித்திரை வருவதில்லை.
வாசகர் ஒருவர், வட்டுக்கோட்டை

பதில்: தம்பி, உங்கள் கடிதத்தை இரண்டு தரம் வாசித்தேன். நல்ல நாம்பன் கைக்கு வந்தவனுக்கு மாரிகாலம் எவ்வளவு நீளம் என்று எனக்குத் தெரியும். ஓட்டில் மழை விழும் சத்தத்திலும் சில்லுச் சத்தம்தான் கேட்கும். ஆனாலும் இந்த முறை கட்டாதீர்கள்.

நாலு பல்லு என்றால் வயது இரண்டரை, மூன்று. எட்டுப் பல்லும் விழுந்து முளைத்து முடிய நாலு வயதாகும், சில மாட்டுக்கு அதற்கு மேலும் போகும். அதுவரை காலெலும்பும் வளர்ந்துகொண்டுதான் இருக்கும். எலும்பு நுனி முற்றாத காலில் நுகத்தையும் வைத்து, வண்டிலில் ஆளையும் ஏற்றிப் பாயவிட்டால் அத்தனை பாரமும் மூட்டில்தான் இறங்கும்.

என்னிடம் ஒரு செவலை நாம்பன் நின்றது. மூன்று வயதிலேயே திடலில் இறக்கினேன். முதல் ஓட்டத்திலேயே முன்னுக்கு வந்தது, சனம் விசிலடித்தது. மறுநாள் விடியக் கொட்டிலுக்குப் போனால் இடது முன்னங்காலை ஊன்றாமல் நிற்கிறது. முழங்காலில் புறங்கையை வைத்தேன், கொதித்தது. வைத்தியரைக் கூட்டி வந்து மருந்து கட்டியும் வீக்கம் முழுதாய் வற்றவில்லை. அதன் பிறகு அதை வண்டிலில் பூட்டவே இல்லை. சாகும்வரை வீட்டில்தான் நின்றது. பட்டிப்பொங்கலுக்கு மாலை போடும்போதெல்லாம் அந்த முழங்காலைத் தடவாமல் வந்ததில்லை.

சரி, இந்த மாரியைச் சும்மா விடச் சொல்லவில்லை. மழை இல்லாத காலைகளில் நடத்துங்கள், ஓட்டாதீர்கள். பொன்னாலைப் பக்கமோ காரைநகர்க் கசூரினாப் பக்கமோ கொண்டுபோய் மணலில் அரை மணித்தியாலம் நடத்தினால் தொடைக்கும் தோளுக்கும் நல்லது. அப்புறம், ஊரில் வயதான, குணமான சவாரி மாடு ஒன்றின் பக்கத்தில் வெறும் நுகத்தில் பூட்டிப் பழக்குங்கள். திரும்புவதையும் நிற்பதையும் நாம்பன் அதைப் பார்த்தே பிடித்துக்கொள்ளும். நிற்கத் தெரியாத வேகம் ஆபத்து. இதை எத்தனையோ திடலில் பார்த்துவிட்டேன்.

நடந்து வந்ததும் விலாவைப் பாருங்கள். கிளம்பும் முன் நிமிடத்துக்கு எத்தனை தரம் ஏறி இறங்கியது என்று எண்ணி வைத்திருக்க வேண்டும். கால் மணித்தியாலம் நிழலில் நின்றும் அந்தக் கணக்குக்குத் திரும்பவில்லை என்றால் நடை கூடிப்போயிற்று. குறைத்தும் இளைப்பு விடவில்லையா, விற்றவரிடம் இதற்குக் கால் வாய் நோய் வந்திருந்ததா என்று கேளுங்கள். புண் ஆறினாலும் சில மாடுகள் வெயிலில் இளைத்துக்கொண்டே இருக்கும். அது சவாரிக்கு உதவாது. உங்கள் நாம்பனுக்கு வராமல் தடுப்பூசியைப் போட்டுவிடுங்கள்.

கொட்டில் ஈரமாய் இருந்தால் குளம்புக் கவடு அழுகும். பின்னேரம் ஒவ்வொரு காலாய்த் தூக்கி, கவட்டுச் சேற்றைத் துணியால் துடைத்துவிடுங்கள். காலைத் தூக்கப் பழகிய நாம்பன் வைத்தியருக்கும் அடங்கும். தீனிக்கு வைக்கோலும், கிழித்த பனையோலையும், பச்சைப் புல்லும் இருக்கட்டும். புண்ணாக்கை அள்ளிக் கொட்டிக் கொழுக்கவைக்காதீர்கள், அந்தக் கொழுப்பையும் அதே கால்தான் சுமக்க வேண்டும்.

இன்னொன்றையும் கேளாமலே சொல்கிறேன். துவரங்கேட்டியில், மாடு ஓட்டும் தடியில், ஆணி வைத்து ஓட்டக் கற்றுத்தர ஆட்கள் வருவார்கள். வாசலிலேயே திருப்பி அனுப்புங்கள். ஆணிக்கு ஓடும் மாடு தன் ஓட்டக் கோட்டைப் பார்க்காது, பக்கத்து வண்டிலுக்குள் பாயும்.

தை கழிந்து முதல் சவாரி நடக்கும் அன்று நாம்பனைத் திடலுக்குக் கொண்டுபோங்கள், ஓட்ட அல்ல. சனத்துக்கும் ஒலிபெருக்கிக்கும் தள்ளி, நிழலில் கட்டிவிட்டு வாளியில் தண்ணீரை வையுங்கள். முதலில் காது இரண்டும் விறைத்து நிற்கும். அது தளர்ந்து, தலையைக் குனிந்து தண்ணீர் குடிக்கும்வரை பக்கத்திலேயே நில்லுங்கள். குடித்ததும் வீட்டுக்குக் கொண்டுவந்துவிடுங்கள். அன்றைக்கு அவ்வளவு போதும்.