வண்டிக்குள் லேசர்: 850-ஆ, 980-ஆ?

கேள்வி: டேட்டா சென்டர்களில் 850 நானோமீட்டர் லேசர் மலிவாகக் கிடைக்கிறது. கார் பாகங்களுக்கிடையே தரவு அனுப்பும் கார் ஈதர்நெட்டுக்கு மட்டும் ஏன் 980? பழைய ஜெர்மன் வண்டிகளில் பாட்டுப் பெட்டிகளை இணைக்கும் சிவப்பு ஒளி ஃபைபரில் (ஒளி கடத்தும் இழையில்) இதைப் பொருத்தலாமா?
— கார் எலெக்ட்ரீஷியன், ரோஸ் ஹில்

பதில்: எல்லாம் சூட்டினால் வந்தது. டேட்டா சென்டருக்கு ஏசி உண்டு. பிப்ரவரி வெயிலில் போர்ட் லூயியில் நிறுத்திய வண்டிக்கு ஏது? கார் பாகம் மைனஸ் 40 முதல் 105 டிகிரி வரை தாங்க வேண்டும், அதுவும் வண்டியின் ஆயுள் முழுக்க. 980 லேசரின் ஒளி பிறக்கும் அடுக்கில் இண்டியம் கூடுதல். படிகத்தில் விழும் குறை பரவாமல் அது தடுக்கிறது. அதனால் சூட்டிலும் லேசர் நீடித்து உழைக்கும். 2023-இல் வந்த ஐ.இ.இ.இ. 802.3சிஇசட் தரம், அதாவது கார் ஒளி ஈதர்நெட்டுக்கான பொது விதிமுறை, 980-ஐ எடுத்தது இதனால்தான். வேகம் 2.5 முதல் 50 கிகாபிட் வரை, ஓ.எம்.3 என்ற வகைக் கண்ணாடி ஃபைபரில் 40 மீட்டர் தூரம். ஓ.எம்.3 850-க்காகச் செய்யப்பட்டதுதான். ஆனாலும் 40 மீட்டருக்கு அது தாராளம்.

தரத்தில் '980' என்று ஒற்றை எண்ணை எழுதிவிட்டுப் போக முடியாது. இவ்வகை லேசரின் அலைநீளம் ஒரு டிகிரிக்குச் சுமார் 0.07 நானோமீட்டர் நகரும். 145 டிகிரி வித்தியாசத்துக்கு அதுவே 10 நானோமீட்டர். தயாரிப்பில் வரும் ஏற்றத்தாழ்வு வேறு. ஆகவே ஒரு வீச்சாகத்தான் எழுத முடியும். வீச்சைக் குறுக்கினால் நல்ல சில்லுகளும் கழிவுக் கூடைக்குப் போகும், விலை ஏறும்.

சிவப்பு ஃபைபரில் பொருத்த வழியே இல்லை. அது 1 மில்லிமீட்டர் பிளாஸ்டிக், 650 நானோமீட்டர் எல்.இ.டி.க்கானது, 980-ஐ விழுங்கிவிடும். ஓ.எம்.3-இன் ஒளிப்பாதையோ 50 மைக்ரான்தான். கனெக்டர் முகத்தில் ஒரு தலைமுடி கிடந்தாலே மூடிப்போகும். துடைக்காமல் செருகாதீர்கள்.

பழைய வண்டியில் பாட்டு நின்றால், சாவியைத் திருப்பியதும் ஃபைபர் முனையில் வெள்ளைத் தாளைப் பிடியுங்கள். சிவப்பு விழவில்லையா? அங்கே பெட்டிகள் ஒன்றிலிருந்து ஒன்றுக்கு வளையமாக இணைந்திருக்கும்; அதில் முந்தைய பெட்டியையோ, இடையிலுள்ள ஃபைபரையோ பாருங்கள். 25 மில்லிமீட்டர் ஆரத்துக்கும் குறைவாக மடித்திருந்தாலே ஒளி கசிந்துவிடும். 980-இல் இந்த வித்தை பலிக்காது. கண்ணுக்குத் தெரியாத ஒளி அது. முனையை எட்டிப் பார்க்கவே கூடாது. ஒளியின் அளவைக் காட்டும் பவர் மீட்டரை 980-க்கு வைத்து அளக்க வேண்டும். 850-இல் விட்டுவிட்டால், உணரியின் திறன் அலைநீளத்துக்கு அலைநீளம் மாறுவதால் அளவு தப்பாக வரும். ஃபைபர் நல்லதா கெட்டதா என்று தவறாக முடிவு செய்வீர்கள்.